சார்ஜ் செய்யும் பேட்டரி வாங்கப் போகிறவர்கள் என் கடையில் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை டவுனில் சின்னதாக ஒரு மின்சாமான் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பலகையில் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வருஷக்கணக்காகிறது. என் கடைக்கு வருகிற தோட்டத்து ஆட்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். மிக்சியும் காத்தாடியும்தான் எனக்குச் சோறு போடுகின்றன, ஆனால் நாளெல்லாம் பேசுவது என்னவோ பேட்டரியைப் பற்றி. ஒரே சந்தேகத்தைக் காலையில் ஒருவர் கேட்பார், சாயங்காலம் அவருடைய மச்சான் வந்து கேட்பார். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் போட்டுவிட்டேன்.

அண்ணே, சாதா பேட்டரிக்கும் சார்ஜ் பண்ற பேட்டரிக்கும் என்ன வித்தியாசம்? பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு?

அளவில் வித்தியாசம் கிடையாது. டபுள் ஏ என்றால் இரண்டுமே 14 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தடிமன், 50 மில்லிமீட்டர் நீளம். டிரிபிள் ஏ அதைவிட ஒல்லி, 10 மில்லிமீட்டரை ஒட்டியது. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. கார்பன் பேட்டரியிலும் ஆல்கலைன் பேட்டரியிலும் நடக்கிற வேதிவினை ஒருவழிப் பாதை. துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் கதை முடிந்தது. சார்ஜ் பேட்டரியில் மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்தினால் அந்த வினையும் திரும்பி நடக்கும்.

வீட்டுச் சாமான்களுக்கு நாம் வாங்குவது பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. உறையில் என்ஐஎம்எச் என்று நான்கு எழுத்து இருக்கும். பழைய காலத்து நிக்கல் காட்மியம் இப்போது கடைகளில் அபூர்வம். காட்மியம் விஷம் என்பதால் அது போனதே நல்லது. மூன்றாவதாக லித்தியம் வந்திருக்கிறது. அதில் விவகாரம் நிறைய இருப்பதால் கடைசிப் பக்கம் தனியாகச் சொல்கிறேன்.

சாதா பேட்டரியில 1.5 வோல்ட் போட்டிருக்கு, இதுல 1.2 தான். அப்போ பவர் கம்மிதானே?

இதைக் கேட்காதவர் இல்லை. ஆல்கலைன் 1.5-இல் தொடங்கும், உண்மைதான். ஆனால் பயன்படுத்தத் தொடங்கிய நிமிஷத்திலிருந்து படிப்படியாக இறங்கிக்கொண்டே வரும். 1.4, 1.3, 1.2 என்று போய், 0.9 வந்தால் தீர்ந்தது என்று கணக்கு. அதாவது தன் ஆயுளில் பெரும்பகுதி அதுவும் 1.2-ஐ ஒட்டித்தான் ஓடுகிறது. நிக்கல் பேட்டரி சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் 1.4 காட்டும், சீக்கிரமே 1.25 பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு, தீரும் வரை பெரிதாக அசையாது. கடைசியில் ஒரேயடியாக விழும்.

அதனால் டார்ச் லைட்டில் போட்டால் மங்கி மங்கி அணையாது, நன்றாக எரிந்துகொண்டே இருந்து சட்டென்று போகும். வேகமாக மின்சாரம் இழுக்கிற சாமான்களில் ஆல்கலைன் திணறும், நிக்கல் திணறாது. சில சாமான்கள் மட்டும் 1.5-ஐ வைத்தே அளவெடுத்துச் செய்யப்பட்டவை. அவை பேட்டரி நிறைந்திருக்கும்போதே "பேட்டரி குறைவு" என்று காட்டும். அது காட்டும் படத்தின் குறை, பேட்டரியின் குறை இல்லை.

வீட்ல இருக்கிற எல்லாத்துக்கும் போடலாமா? எதுக்குப் போடக் கூடாது?

எல்லாவற்றுக்கும் போடத் தேவையில்லை. நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது: பேட்டரி மாற்றி மாற்றிக் கை ஓய்கிற சாமானுக்குச் சார்ஜ் பேட்டரி, எப்போது மாற்றினோம் என்றே மறந்துபோகிற சாமானுக்குச் சாதா பேட்டரி. பிள்ளைகளின் ரிமோட் கார், கேம் கட்டுப்பாட்டுக் கருவி, தினமும் எடுக்கிற டார்ச், கம்பியில்லாத மவுஸ் எல்லாம் முதல் வகை. கோயிலில் பயன்படுத்தும் கம்பியில்லா மைக்கும் அப்படித்தான். திருவிழா நாளில் மைக்குக்கு இரண்டிரண்டாகப் பேட்டரி தின்னும். சுவர்க் கடிகாரம் இரண்டாவது வகை. அது சொட்டுச் சொட்டாகக் குடிக்கும், ஒரு மலிவான கார்பன் பேட்டரியே வருஷம் ஓட்டும். அதில் விலையுயர்ந்த சார்ஜ் பேட்டரியைப் பூட்டி வைப்பது காசை ஆணியில் மாட்டி வைப்பது மாதிரி.

ஆஸ்ட்ரோ டிவி ரிமோட்டும் ஏர்கான் ரிமோட்டும் நடுவில் நிற்கின்றன. அவையும் குறைவாகத்தான் குடிக்கும், ஆனால் வருஷக்கணக்கில் திறந்து பார்க்காமல் விட்டால் ஆல்கலைன் கசிந்து உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். கடைக்கு வருகிற ரிமோட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது இந்தப் பூப்புதான். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். பஞ்சில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து நன்றாகக் காய விட்டால் பல ரிமோட்டுகள் பிழைத்துக்கொள்ளும். கையில் பட்டால் கழுவிவிடுங்கள். நல்ல நிக்கல் பேட்டரி இப்படிக் கசிவது குறைவு. அதற்காகவே என் வீட்டு ரிமோட்டில் அதைப் போட்டிருக்கிறேன்.

புகை வந்தால் கத்துகிற கருவிக்குப் போடாதீர்கள். மேலே சொன்னேனே, நிக்கல் பேட்டரி கடைசியில் சட்டென்று விழும் என்று. எச்சரிக்கை கொடுக்க அதற்கு நேரம் இருக்காது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கு அதன் கையேட்டைப் பாருங்கள். சில நிறுவனங்கள் ஆல்கலைன் மட்டும் என்று எழுதியிருக்கும். பம்ப் காற்றடிக்கும்போது நிறைய இழுப்பதால் நிக்கல் நன்றாகத்தான் தாங்கும், இருந்தாலும் மருந்து மாத்திரையை முடிவு செய்கிற கருவியில் கையேடு சொல்வதை மீற நான் சொல்ல மாட்டேன். பலவற்றில் அடாப்டர் ஓட்டை இருக்கும், வீட்டில் அதையே சொருகிக்கொள்ளலாம்.

2000, 2500, 2800ன்னு நம்பர் போட்டிருக்கே, பெருசா இருந்தா நல்லதுதானே?

அந்த எண் எம்ஏஎச், அதாவது எவ்வளவு நேரம் எவ்வளவு கரண்டு தரும் என்பதன் அளவு. 2000 என்றால் 200 மில்லி ஆம்பியர் இழுக்கிற சாமானைச் சுமார் 10 மணி நேரம் ஓட்டும். பெரிய எண் நல்லதுதான், ஆனால் இலவசமாக வராது. ஒரே டபுள் ஏ கூட்டுக்குள் அதிகம் அடைக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற தடுப்புகளை மெலிதாக்க வேண்டும், ஆயுள் குறையும். எனலூப் பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உறை போட்ட சாதாரண வகை 2000-ஐ ஒட்டியது, 2100 முறை சார்ஜ் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. கறுப்பு உறை போட்ட புரோ வகை 2500-ஐ ஒட்டியது, அதற்குச் சொல்வது 500 முறை.

வீட்டுக்கு 2000 போதும். டிரிபிள் ஏயில் 750, 800 என்றால் சரி. டபுள் ஏயில் 3000-க்கு மேல், 4000, 5000 என்று போட்டிருந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்தக் கூட்டுக்குள் அவ்வளவு நிக்கல் பேட்டரி அடங்காது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) எட்டு என்று கூவி விற்றதை வாங்கி வந்து என் மேசையில் அளந்து பார்த்தவர்கள் உண்டு. உறையில் இருந்த எண்ணில் கால்வாசிகூடத் தேறவில்லை.

போன மாசம் சார்ஜ் பண்ணி டிராயர்ல வச்சேன். இப்போ எடுத்தா செத்துப் போச்சு. ஏமாத்திட்டானா?

ஏமாற்றவில்லை, அது பழைய வகை. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு சும்மா இருந்தாலும் தானாகக் காலியாகும். பழைய வகையில் முதல் மாதத்திலேயே கால்பங்கு போய்விடும். வெயில் ஏற ஏற இன்னும் வேகம். தகரக் கூரைக்கு அடியில் மதியம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இதை மாற்றியது 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் வெளியிட்ட எனலூப். ஒரு வருஷம் சும்மா வைத்திருந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். சான்யோவைப் பேனசோனிக் வாங்கிய பிறகு இப்போது பேனசோனிக் பெயரில் வருகிறது. மற்ற நிறுவனங்களும் இதே வகையைச் செய்கின்றன. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: அட்டையில் "ப்ரீ சார்ஜ்டு" அல்லது "ரெடி டு யூஸ்" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தொழிற்சாலையில் ஏற்றிய சார்ஜ் கப்பலிலும் கடையிலும் மாதக்கணக்கில் இருந்து உங்கள் கைக்கு வரும்வரை நின்றால்தான் அப்படி எழுத முடியும். அது இல்லாததை வாங்காதீர்கள்.

வெள்ளத்துக்கும் கரண்டு போகிற நேரத்துக்கும் என்று வைத்திருக்கிற டார்ச்சிலும் இந்த வகையைப் போடலாம். தீபாவளிக்கு ஒருமுறை, சித்திரைப் புத்தாண்டுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு வைத்தால் நடுவில் மறந்துபோனாலும் கைவிடாது.

சரிண்ணே, எந்த பிராண்டு வாங்கட்டும்? நேரா சொல்லுங்க.

நேராகச் சொன்னால்: கையில் காசு இருந்தால் எனலூப் வெள்ளை. கோலாலம்பூர் பக்கம் போகிறவர்கள் ஐக்கியாவில் லாடா என்று விற்பதை வாங்கி வருகிறார்கள், விலை குறைவு, நன்றாக உழைக்கிறது. எனர்ஜைசர், டூராசெல் பெயரில் வருவதிலும் மேலே சொன்ன சொல் அட்டையில் இருந்தால் எடுக்கலாம். எனலூப்புக்குப் போலி உண்டு. ஷாப்பியில் வாங்கினால் நிறுவனத்தின் சொந்தக் கடையா என்று பார்த்து வாங்குங்கள். விலை பாதியாக இருந்தால் பொருளும் பாதிதான்.

அதைவிட முக்கியம் அடுத்த கேள்வி.

சார்ஜர் எல்லாம் ஒண்ணுதானே லா? பேட்டரியோட சும்மா குடுத்தானே, அது போதாதா?

போதாது. பேட்டரி சரியில்லை என்று திட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "சார்ஜரைக் கொண்டு வந்தீர்களா?" என்றுதான். பேட்டரி தானாகச் செத்ததை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். சார்ஜர் கொன்றதுதான் அதிகம். நானும் ஒரு காலத்தில் மலிவுச் சார்ஜரை விற்றவன்தான். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் மைக்குக்கு நானே பேட்டரியும் சார்ஜரும் கொடுத்தேன். அன்னதானத்துக்கு வரிசையாக வரச் சொல்லி அறிவித்துக்கொண்டிருந்தவரின் குரல் பாதியில் போய்விட்டது. அன்று வாங்கிய பேச்சுக்குப் பிறகு அந்தச் சார்ஜரை நான் விற்பதில்லை.

நடந்தது இதுதான். மலிவுச் சார்ஜர் இரண்டிரண்டு பேட்டரியை ஒரே கம்பியில் கோத்த மாதிரி சேர்த்துச் சார்ஜ் செய்யும். ஒன்று பாதி, ஒன்று காலி என்று போட்டால் பாதி இருந்தது வழிந்து சூடாகும், காலியாக இருந்தது நிறையாமலே வெளியே வரும். அதிலும் சில சார்ஜர்களுக்கு நிறைந்துவிட்டது என்றே தெரியாது, பிளக்கைப் பிடுங்கும் வரை கரண்டை ஊற்றிக்கொண்டே இருக்கும். நல்ல சார்ஜர் ஒவ்வொரு குழியையும் தனித்தனியாகக் கவனிக்கும். நிக்கல் பேட்டரி நிறையும் நேரத்தில் அதன் வோல்டேஜ் ஏறுவது நின்று சில மில்லிவோல்ட் இறங்கும், கூடவே சூடும் ஏறும். அந்தச் சின்ன இறக்கத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் நல்ல சார்ஜரின் வேலை.

கடையில் எப்படிப் பார்ப்பது? குழிக்கு ஒரு விளக்கு இருக்க வேண்டும். நான்கு குழிக்கு இரண்டே விளக்கு என்றால் அது ஜோடிச் சார்ஜர். ஒற்றைப் பேட்டரியை மட்டும் போட்டால் சார்ஜ் ஆகுமா என்று கேளுங்கள், "ரெண்டு சேர்த்துதான் போடணும்" என்றால் வேண்டாம். பின்பக்கம் சிரிம் என்கிற தரச்சான்று ஒட்டு இருக்கிறதா, பிளக் நம் மூன்று கால் பிளக்கா என்றும் பாருங்கள். இரண்டு கால் பிளக்கைச் சுவிட்சின் மேல் ஓட்டையில் பேனாவை விட்டுத் திறந்து சொருகுவது நம் ஆட்களின் பரம்பரை வித்தை, தயவுசெய்து விட்டுவிடுங்கள். யூஎஸ்பியில் ஓடுகிற சார்ஜர் என்றால் ஏற்கெனவே இருக்கிற நல்ல கைப்பேசி அடாப்டரில் சொருகினால் போதும்.

மெதுவா சார்ஜ் ஆனா நல்லதா, வேகமா ஆனா நல்லதா? ராத்திரி பூரா விட்டுட்டுத் தூங்கலாமா?

ரொம்ப மெதுவும் வேண்டாம், ரொம்ப வேகமும் வேண்டாம். ரொம்ப மெதுவாகப் போனால் மேலே சொன்ன அந்த வோல்டேஜ் இறக்கம் மிகச் சின்னதாக இருக்கும், சார்ஜர் கவனிக்காமல் தவறவிடலாம். 15 நிமிஷத்தில் ஏற்றும் சார்ஜர்கள் பேட்டரியை வறுத்தெடுக்கும். டபுள் ஏக்கு 300-லிருந்து 1000 மில்லி ஆம்பியர் வரை நல்ல வரம்பு, டிரிபிள் ஏக்கு அதில் பாதிக்கும் கீழே. சார்ஜரின் முதுகில் "அவுட்புட்" என்ற வரியில் இது எழுதியிருக்கும். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிய, பேட்டரி எண்ணைச் சார்ஜர் எண்ணால் வகுத்துக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். 2000-க்கு 500 என்றால் நான்கு மணி நேரம், வீணாவதற்கும் சேர்த்து ஐந்து.

தானாக நிற்கிற சார்ஜர் என்றால் ராத்திரி விடுவதால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் நான் விடுவதில்லை. மரச்சுவர் வீட்டில் வளர்ந்தவன், தூங்கும்போது எதுவும் சூடாகிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. மெத்தை மேலும் திரைச்சீலைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், சிமெண்டுத் தரையில் வைத்தால் போதும்.

சார்ஜ் ஆகும்போது கையில தொட முடியல, அவ்வளவு சூடு. வெடிச்சிருமா?

முடிகிற நேரத்தில் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. நிறைந்த பிறகு வருகிற மின்சாரத்துக்குப் போக இடமில்லை, சூடாக மாறுகிறது. விரலில் பிடித்து வைத்திருக்க முடிகிற சூடு என்றால் பரவாயில்லை. பிடிக்கவே முடியவில்லை என்றால் சார்ஜர் நிறுத்தத் தெரியாதது, அல்லது பேட்டரி கிழடாகிவிட்டது. நிக்கல் பேட்டரி வெடிப்பது அபூர்வம், உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற்ற ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படி வெளியேறிய பேட்டரி அதற்குப் பிறகு உருப்படாது.

மதியம் இரண்டு மணிக்கு ஜன்னலோரம் சார்ஜ் போடாமல் சாயங்காலம் போடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் நீடிக்குமா என்றும் கேட்கிறார்கள். மேலே சொன்ன புது வகைக்கு அது தேவையே இல்லை, வெளியே எடுக்கும்போது வேர்த்து ஈரமாவதுதான் மிச்சம்.

முழுசா தீர்ந்த பிறகுதான் சார்ஜ் பண்ணணுமாமே, எங்க அப்பா சொல்வாரு.

அப்பா சொன்னது அவர் காலத்துக்குச் சரி. நிக்கல் காட்மியத்துக்கு அந்த ஞாபக வியாதி இருந்தது. பாதியில் நிறுத்தி நிறுத்திச் சார்ஜ் செய்தால் பாதிதான் தன் அளவு என்று நினைத்துக்கொள்ளும். இப்போதைய பேட்டரிக்கு அது கிட்டத்தட்ட இல்லை. பாதியில் போடலாம், முக்காலில் போடலாம்.

முழுசாகத் தீர்க்கிறேன் என்று டார்ச்சை எரியவிட்டுத் தூங்கப் போவதுதான் ஆபத்து. அதில் என்ன கெடுதல் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

நாலு போடுற டார்ச்சுல ரெண்டு மட்டும் மாத்தினா போதாதா?

கூடாது. நான்கும் வரிசையாகக் கோத்திருக்கும். பலவீனமான ஒன்று முதலில் தீரும், மற்ற மூன்றும் இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். தீர்ந்தவன் வழியாகவே கரண்டு போக வேண்டியிருப்பதால் அவனுக்கு மேல் கீழாகும், அதாவது பிளஸ் பக்கம் மைனஸாகத் திரும்பும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் அந்தப் பேட்டரியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒன்றாக வாங்கியதை ஒன்றாகவே வைத்திருங்கள். எங்கள் வீட்டில் நகப்பூச்சுத்தான் அடையாளம். சிவப்புப் புள்ளி வைத்த நான்கு ஒரு குடும்பம், பச்சைப் புள்ளி வைத்தவை இன்னொரு குடும்பம். பெயிண்டு மார்க்கர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம், மகளிடம் கேட்டால் கிடைக்கும். சாதா பேட்டரியையும் சார்ஜ் பேட்டரியையும் ஒரே சாமானில் கலப்பதற்கும் இதே பதில்தான்.

சாதா பேட்டரியை சார்ஜர்ல போட்டா கொஞ்சமாவது ஏறாதா? வெயில்ல வச்சா ஏறுமே?

சார்ஜரில் போடாதீர்கள், வாயு கட்டிக் கசியும், சில நேரம் வெடித்தே போகும். வெயிலில் வைத்தால் சூட்டில் வேதிவினை கொஞ்சம் சுறுசுறுப்பாகும், மிச்சம் மீதி வெளியே வரும், அவ்வளவுதான். புதிதாக எதுவும் ஏறுவதில்லை.

சோலார் விளக்கு தீபாவளிக்கு வாங்கினேன், இப்போ ஒரு மணி நேரம்கூட எரியல. தூக்கிப் போட்டுறவா?

போடாதீர்கள், அடியில் மூடியைத் திருகித் திறந்து பாருங்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு டபுள் ஏ நிக்கல் பேட்டரி இருக்கும், 300 அல்லது 600 என்று சின்ன எண். அதை மாற்றினால் விளக்கு மறுபடி எரியும். இங்கே 2000 போடுவது வீண், அந்தக் கையகலச் சோலார் தகடு ஒரு பகலில் அவ்வளவு நிறைக்காது. மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். 1.2 வோல்ட் என்று எழுதியிருந்தால் 1.2 தான் போட வேண்டும். சில விளக்குகளில் 3.2 வோல்ட் லித்தியம் இருக்கும், அளவு ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பெரிய டார்ச்சுக்கு டி சைஸ்லயும் சார்ஜ் பேட்டரி இருக்கா?

இருக்கிறது, ஆனால் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். நல்ல டி பேட்டரி 150 கிராமை ஒட்டியோ மேலேயோ கனக்கும். பாதிக் கனம்தான் என்றால் பெரிய சட்டைக்குள் சின்ன ஆள், உள்ளே டபுள் ஏ மாதிரி ஒன்றை வைத்து மூடியிருக்கிறார்கள். அப்படி ஏமாறுவதைவிட டபுள் ஏயை டி அளவாக்கும் பிளாஸ்டிக் கூடு மலிவாகக் கிடைக்கும், நீங்களே போட்டுக்கொள்ளலாம். இப்போதைய எல்இடி டார்ச் குறைவாகத்தான் இழுக்கும், அதுவே போதும்.

இப்போ யூஎஸ்பி ஓட்டையோட 1.5 வோல்ட் பேட்டரி வருதே, அதுதானே பெஸ்ட்டு?

இது கொஞ்சம் சிக்கலான விஷயம். உள்ளே இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி, கூடவே அதை 1.5-ஆக இறக்கிக் கொடுக்கிற ஒரு சின்னச் சுற்று. கடைசி வரை அசையாமல் 1.5 தரும். 1.2-இல் அடம்பிடிக்கிற சாமான்களுக்கு இது நல்ல மருந்து. ஸ்மார்ட் பூட்டு, சில பொம்மைகள், "பேட்டரி குறைவு" என்று எப்போதும் அழுகிற கருவிகள் எல்லாம் அமைதியாகிவிடும். ஆனால் தீரும்போது எச்சரிக்கையே இல்லாமல் சுத்தமாக நின்றுவிடும். பூட்டு என்றால் நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

எண்ணில் ஒரு தந்திரம் உண்டு. இதில் 3000 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், கீழே பொடி எழுத்தில் எம்டபிள்யூஎச், அதாவது மில்லிவாட் மணி என்று இருக்கும். அது வேறு அளவு. 1.5-ஆல் வகுத்தால் 2000 எம்ஏஎச் வரும். 2000 போட்ட நிக்கல் பேட்டரியை அதே கணக்கில் சொன்னால் 2400 எம்டபிள்யூஎச். வித்தியாசம் நினைத்த அளவு இல்லை. உள்ளே இருக்கிற சுற்று ரேடியோவில் இரைச்சலும் போடும், முக்கியமாகச் சிற்றலையில். மின்னல் எஃப்எம் மட்டும் கேட்கிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இவற்றை நிக்கல் சார்ஜரில் போடவே கூடாது, அதனுடன் வந்த கம்பியிலோ பெட்டியிலோதான் சார்ஜ் செய்ய வேண்டும்.

இன்னொன்று: டபுள் ஏ அளவிலேயே, சுற்று இல்லாமல் 3.7 வோல்ட்டை நேராகத் தருகிற 14500 என்ற பேட்டரியும் விற்கிறார்கள். அதை ரிமோட்டிலோ பொம்மையிலோ போட்டால் எரிந்துவிடும். வாங்குமுன் வோல்ட்டைப் படியுங்கள்.

தலைவிளக்குக்கு 9900ன்னு போட்ட பேட்டரி வாங்கினேன், ஒரு ராத்திரிகூட வரலையே?

முன்பு விடியாத நேரத்தில் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் தலையில் கட்டிய விளக்கை, இப்போது மீன்பிடிக்கப் போகிறவர்களும் இரவுக் காவல்காரர்களும் கட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ரப்பர் போய்ச் செம்பனைதான் எங்கும். 1917-இல் நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் தொடங்கியதே இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான். பெயர் தென்னை, நட்டது செம்பனை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த விளக்குகளில் இருப்பது 18650. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண். நல்ல நிறுவனத்தின் பேட்டரியில் 3500 எம்ஏஎச் என்றாலே உயர்ந்த ரகம். 9900 என்பது பச்சைப் பொய். கனம் பார்த்தாலும் தெரியும். நல்லது 45 கிராமுக்கு மேல் நிற்கும், போலி கையில் தக்கையாக இருக்கும். இதற்குத் தனி லித்தியம் சார்ஜர் வேண்டும், 4.2 வோல்ட்டில் மிகச் சரியாக நிற்பது. பழைய மடிக்கணினியிலிருந்து பிய்த்து எடுத்தது, உறை கிழிந்தது, உப்பியது எதையும் சார்ஜ் செய்யாதீர்கள். ராத்திரி விடுவது பற்றி மேலே நான் சொன்னது நிக்கலுக்கு. லித்தியத்தை ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள்.

நல்ல சார்ஜர்தான் வாங்கினேன், பழைய பேட்டரியைப் போட்டா விளக்கு சிமிட்டிக்கிட்டே இருக்கு, ஏற மாட்டேங்குது.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பேட்டரி அடியோடு காலியாகி வோல்டேஜ் மிகவும் கீழே போனதால் சார்ஜர் அதைப் பேட்டரி என்றே ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பழைய மட்டிச் சார்ஜர் கிடந்தால் அதில் ஐந்து பத்து நிமிஷம் வைத்து எடுத்து, உடனே நல்ல சார்ஜரில் போட்டுப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் பிழைத்தது. இந்த வித்தை நிக்கலுக்கு மட்டும்தான், லித்தியத்தில் முயன்றால் தீப்பிடிக்கும்.

இரண்டாவது காரணம் முதுமை. உள்ளே எதிர்ப்பு ஏறிவிட்டது, நல்ல சார்ஜர் அதைக் கண்டுபிடித்து மறுக்கிறது. அது சார்ஜரின் குற்றமில்லை. சுவர்க் கடிகாரத்தில் போட்டு மிச்ச ஆயுளைக் கழிக்க விடலாம். கடிகாரத்துக்குச் சார்ஜ் பேட்டரி வேண்டாம் என்று மேலே சொன்னது புதிதாக வாங்குவதற்கு.

இவ்வளவு செலவு பண்ணி எப்போண்ணே போட்ட காசு திரும்பும்?

விலை கடைக்குக் கடை மாறும், கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன். பிள்ளையின் காருக்கு மாதம் நான்கு ஆல்கலைன், ஒன்று 2 வெள்ளி என்று வையுங்கள். மாதம் 8 வெள்ளி. நல்ல சார்ஜரும் நான்கு பேட்டரியும் சேர்த்து 120 வெள்ளி என்றால் 15 மாதத்தில் சரியாகிவிடும், பிறகு வருவதெல்லாம் மிச்சம். மைக்குக்கு வாரம் நான்கு மாற்றுகிற கோயிலுக்கு நான்கே மாதத்தில் திரும்பும். வருஷத்துக்கு இரண்டு பேட்டரி மாற்றுகிற வீட்டுக்குத் திரும்பவே திரும்பாது, அவர்களிடம் நானே வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன்.

கரண்டு பில் ஏறுமா என்றும் கேட்கிறார்கள். நான்கு டபுள் ஏயை ஒருமுறை நிறைக்க, வீணாவதையும் தாராளமாகச் சேர்த்தால், 0.02 யூனிட். யூனிட் 50 சென் என்றே வைத்தாலும் ஒரு சென்தான்.

செத்துப் போனதை எங்க போடறது? குப்பையோட கொளுத்திரலாமா?

கொளுத்தவே கூடாது. செம்பனை மட்டையோடு பேட்டரியையும் போட்டு எரித்து, அது பட்டாசாக வெடித்த கதை எனக்கு நேரில் தெரியும், நல்லவேளை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிக்கல், காட்மியம், லித்தியம் கலந்த கழிவுப் பேட்டரிகளை மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறை தனிக் கவனம் வேண்டிய கழிவாகவே பட்டியலிட்டிருக்கிறது. ஆற்றோரத்திலும் புதைக்க வேண்டாம், சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீரைத்தான் எல்லோரும் குடிக்கிறோம்.

என் கடை வாசலில் ஒரு பெரிய மைலோ டின் வைத்திருக்கிறேன். லித்தியம் என்றால் இரண்டு முனையிலும் செலோடேப் ஒட்டிவிட்டு, எதுவும் வாங்காவிட்டாலும் வந்து போட்டுவிட்டுப் போங்கள். நிறைந்ததும் மின்கழிவு எடுப்பவர்களிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உப்பிப்போன லித்தியத்தை மட்டும் டின்னில் போடாமல் என் கையில் கொடுங்கள், அதை மணல் வாளியில் தனியாக வைக்க வேண்டும்.